ஏரிக்கரை முகாம்: பராமரிப்பு நாளுக்கு வருவது அதே ஐந்தாறு பேர்தான். அபராதம் போடலாமா?

கோரைக்காடு:

வணக்கம். மூன்று சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஏரிக்கரை முகாம் எங்களுடையது. படகு வலிப்போர் ஒரு சங்கம், நடைபயணம் போவோர் ஒன்று, பறவை பார்ப்போர் ஒன்று. இரண்டு குடில்கள், ஒரு சமையல் கொட்டகை, மரத்தாலான படகுத்துறை, படகுகளை அடுக்கும் சட்டம், கரையிலிருந்து தள்ளி இரண்டு குழிக் கழிப்பறைகள். காவலாள் கிடையாது, சம்பளக்காரர் எவரும் இல்லை. எல்லாம் உறுப்பினர்களின் கைவேலைதான்.

அந்தக் கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை பராமரிப்பு நாள் வைக்கிறோம். ஒரு காலத்தில் குடில் கொள்ளாத கூட்டம் வந்தது. இப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எல்லாருக்கும் செய்தி அனுப்புகிறோம், 'கட்டாயம் வருகிறேன்' என்று பாதிப் பேர் பதில் போடுகிறார்கள், அன்று காலையில் பார்த்தால் அதே ஐந்தாறு முகங்கள். விடுமுறை நாட்களுக்கு முகாமை முன்பதிவு செய்வதில் மட்டும் போட்டி குறையவே இல்லை.

வேலையோ குவிந்து கிடக்கிறது. படகுத்துறையில் இரண்டு பலகைகள் காலை வைத்தால் அமுங்குகின்றன. மூடிக் கிடந்த குடிலைத் திறந்தால் தரையெல்லாம் எலிப் புழுக்கை. போன முறை ஒருவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். அப்படிச் செய்யக் கூடாது என்று எங்கோ படித்த நினைவில் தடுத்தேன், ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இதற்கு நடுவில் நாணல் சண்டை. படகு வழியை அடைக்கிறது, முழுவதும் வெட்ட வேண்டும் என்கிறார்கள் படகுக்காரர்கள். ஒரு தண்டைக்கூடத் தொடக் கூடாது என்கிறார்கள் பறவைக்காரர்கள்.

செயற்குழுவில் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. வராதவருக்கு அபராதம் போடுவது ஒன்று. எல்லா வேலையையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சந்தாவை உயர்த்துவது மற்றொன்று. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேச மூன்றாவது யோசனை என் கையில் இல்லை. இப்படிப்பட்ட முகாமை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

துடுப்புக்காரன்:

அபராதம் போடுங்கள், அவ்வளவுதான். எங்கள் சங்கத்தில் வராதவரின் அடுத்த ஆண்டுச் சந்தாவோடு சேர்த்து வசூலித்துவிடுகிறோம். யாரும் சண்டைக்கு வரவில்லை. கெஞ்சிக்கொண்டே இருந்தால் காலமெல்லாம் கெஞ்ச வேண்டியதுதான்.

பழைய உளி:

யாரும் சண்டைக்கு வரவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆள் கூடியதா என்பதை எழுதவில்லை. காசைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவன் எதற்குச் சண்டைக்கு வரப் போகிறான்?

எங்கள் சங்கத்தில் பொருளியல் கற்பிக்கும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். இதே பேச்சு எங்கள் செயற்குழுவில் எழுந்தபோது, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார். உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் செய்தது, 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆசிரியை காத்திருப்பாரே என்று அதுவரை உறுத்திக்கொண்டிருந்த மனம், கட்டணம்தான் செலுத்துகிறோமே என்று சமாதானம் அடைந்துவிட்டது. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான். எங்கள் குழு அன்றைக்கே அந்தப் பேச்சை மூடிவிட்டது.

நான் தச்சுத் தொழில் செய்து ஓய்ந்தவன். உங்களுடையதைப் போலவே பல சங்கங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் முகாம் ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகச் சுமந்துவருகிறேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன், அம்மா. வேலைக்கு அஞ்சி ஓடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலையில்லாமல் நின்று ஓடியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பராமரிப்பு நாள் எப்படி நடக்கிறது என்பதை நேரில் பாராமலே சொல்லிவிடலாம். காலையில் ஆட்கள் வருகிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் இருவர். ஒருவர் சாவியைத் தேடுகிறார், மற்றவர் திருகாணி வாங்கப் போயிருக்கிறார். சுத்தியல் ஒன்று, கேட்பவர் நால்வர். விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஏரியை வேடிக்கை பார்க்கிறார். நடுப்பகலில் யாரோ ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறார்கள். சாயங்காலம் எப்போது முடியும் என்பதும் தெரியாது. அவர் அடுத்த முறை 'கட்டாயம் வருகிறேன்' என்று பதில் போடுவார், வரமாட்டார். அவரைச் சோம்பேறி என்பது அநியாயம். அவருடைய நாளைத் தின்றது நாம்.

ஆகவே பராமரிப்பு நாளின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முந்தின வாரமே இருவர் போய் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, அளவெடுத்து, பலகையும் ஆணியும் வண்ணமும் கொண்டுவந்து குடிலுக்குள் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. என்ன வேலை, எந்த இடம், எத்தனை பேர், என்ன கருவி, எந்த நிலைக்கு வந்தால் முடிந்ததாகக் கணக்கு. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 'குடிலைச் சரிசெய்' என்று எழுதினால் எவரும் எடுக்கமாட்டார்கள். 'கிழக்கு ஜன்னலின் கீழ்க்கீலை மாற்று, விரல் பட்டதும் ஜன்னல் மூடிக்கொண்டால் முடிந்தது' என்று எழுதுங்கள், வந்தவர் தாமே எடுத்துக்கொண்டு போவார். நடுப்பகலோடு வேலை நிறுத்தம், அதற்கு மேல் ஏரி அவர்களுடையது. ஒரு வேலை பாதியில் நின்றாலும் நிற்கட்டும். சொன்ன நேரத்தில் முடியும் வேலைக்குத்தான் மனிதர்கள் மறுபடி வருவார்கள்.

அடுத்தது, ஆண்டு முழுவதற்குமான பொறுப்பு. 'எல்லாரும் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்று செயற்குழு தீர்மானம் போட்ட பொருளை எவரும் கவனிக்கமாட்டார்கள். பொருளுக்கு ஓர் ஆள், பெயரோடு. உயிர்காப்பு அங்கிகளுக்கு ஒருவர், தீயணைப்பு உருளைக்கு ஒருவர், கழிப்பறைக்கு ஒருவர், துறைக்கு ஒருவர். பெயர் குடிலின் சுவரில் இருக்கட்டும். பெயரோடு அதிகாரத்தையும் கொடுங்கள். ஒரு கொண்டி மாற்றுவதற்குச் செயற்குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வைத்தால் அந்த ஆள் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவார். சின்னத் தொகைக்கு எல்லை ஒன்றை வைத்து, அதற்குள் கேட்காமல் செலவிடலாம் என்று விட்டுவிடுங்கள்.

இதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. துறையைப் படகுக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஆடும் பலகையைத் தாண்டி அடுத்த பலகையில் கால் வைத்து அவருக்குப் பழகிப்போயிருக்கும், அது அவர் கண்ணிலேயே படாது. நடைபயணக்காரர் ஒருவரிடம் கொடுங்கள், முதல் நாளே பார்த்து அலறுவார். கழிப்பறையைப் படகுக்காரரிடம் கொடுங்கள்.

இனி அந்த இரண்டு பலகைகள். இதைக் கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே யாராவது போய்க் கயிறு கட்டித் துறையை மூடிவிடட்டும். பிறகு ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும். மேலே நின்று பார்த்து மரத்தின் நிலையைச் சொல்ல எவராலும் முடியாது. திருப்புளியின் முனையைப் பலகையில் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். நல்ல மரமாக இருந்தால் எதிர்த்து நிற்கும், பிறகு 'சடக்' என்ற ஓசையோடு நீளமான சிம்பாகக் கிளம்பும். உளுத்த மரம் ஓசையே எழுப்பாது. முனை மெத்தென்று இறங்கும், நெம்பினால் குட்டையாக, சதுரம் சதுரமாகப் பொடிந்து வரும். குத்த வேண்டிய இடங்கள் மூன்று: பலகையின் வெட்டுமுனை, ஆணி இறங்கிய துளையைச் சுற்றி, பலகையும் அடியிலுள்ள சட்டமும் தொட்டுக்கொள்ளும் இடம். தண்ணீர் தங்குவது இந்த மூன்றில்தான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. காற்றும் வேண்டும். எப்போதும் மூழ்கியே கிடக்கும் கம்பத்தின் அடிப்பகுதி நெடுங்காலம் நிற்பதும், நீர்மட்டத்தை ஒட்டி நனைந்து காய்ந்து நனையும் பகுதி முதலில் இற்றுப்போவதும் அதனால்தான். கம்பங்களை அந்த உயரத்தில் குத்திப் பாருங்கள்.

பலகைகளுக்கு இடையே ஆணித் தடிப்பு அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். அதில் இலைச் சருகு அடைத்துக் கிடந்தால் ஒரு குச்சியால் கிளறி எடுப்பதே பாதிப் பராமரிப்பு. இதை ஒரு சிறுவனிடம் கொடுக்கலாம், மகிழ்ச்சியாகச் செய்வான்.

எலிப் புழுக்கையைப் பெருக்கவிடாமல் தடுத்தது மிகச் சரி. சில எலிகளின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹன்டா வைரஸ் இருக்கக்கூடும். உலர்ந்ததைப் பெருக்கினால் அது தூசியோடு கிளம்பி மூச்சில் போகும். கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். அதன்பின் எலி எந்த வழியாக வந்தது என்று தேடுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் துளை போதும். எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்து அடையுங்கள், துணியை வைத்தால் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும்.

ஒப்பந்தக்காரரை முழுவதும் ஒதுக்கவும் வேண்டாம். காய்ந்துபோன பெரிய மரத்தை வெட்டுவது, மின்கம்பி வேலை, எரிவாயுக் குழாய் வேலை, கழிப்பறைக் குழியைக் காலிசெய்வது. இவற்றை ஆர்வத்தை நம்பிச் செய்யக் கூடாது, தெரிந்தவருக்குக் காசு கொடுத்துச் செய்யுங்கள். உருளையில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். சமையல் கொட்டகையில் தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மறந்தேன். உங்கள் ஐந்தாறு பேரில் வேலை தெரிந்தவர் ஒருவர் இருப்பார். புதிதாக வந்தவர் அடித்த பலகையை அவர் எதிரிலேயே பிடுங்கி மறுபடி அடிப்பார். அவரிடம் தனியாகப் பேசுங்கள். அலமாரித் தட்டு கொஞ்சம் கோணலாக இருந்தால் ஏரி வற்றிவிடாது. துறை, ஏணி, எரிவாயு என்ற மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருக்கட்டும். என் போன்ற கிழட்டுத் தச்சர்களுக்கு இது கசப்பான மருந்து, தெரிந்தேதான் சொல்கிறேன்.

நீர்க்காகம்:

உளி ஐயா நாணலை என்னைப் போன்றவர்களுக்கு விட்டுவைத்தார் போலிருக்கிறது. நான் பறவை பார்ப்பவள், ஆனாலும் 'ஒரு தண்டைக்கூடத் தொடாதே' என்ற கட்சியில் சேரமாட்டேன்.

முதலில் படகுக்காரர்களிடம் சொல்ல வேண்டியது: அந்த நாணல் உங்கள் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அலையின் வேகத்தைத் தண்டுகள் உடைக்கின்றன, வேர்க்கட்டு மண்ணைப் பிடித்துவைக்கிறது. முழுவதும் வெட்டினால் கரை சரியத் தொடங்கும், சரிந்த மண் வந்து சேரும் இடம் உங்கள் துறைதான். இன்றைக்கு நாணலோடு மல்லுக்கட்டுபவர்கள் நாளைக்குச் சேற்றோடு மல்லுக்கட்டுவார்கள்.

பறவைக்காரர்களிடம் சொல்ல வேண்டியது: இரண்டு படகுகள் விலகிப்போகும் அகலத்துக்கு ஒரே ஒரு வழியைத் திறந்துவிடுவதால் நாணல்காடு அழிந்துவிடாது. நேராக வெட்டாமல் சற்று வளைத்து வெட்டினால் காற்றும் அலையும் நேரே கரையில் வந்து மோதாது. கூடு கட்டும் காலம் முழுவதும் முடிந்து குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டுங்கள்.

எப்படி வெட்டுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. நாணலின் தண்டு உள்ளீடற்றது. சேற்றுக்குள் கிடக்கும் வேர்க்கிழங்குக்குக் காற்று போவது அந்தக் குழல் வழியாகத்தான். நீர்மட்டத்துக்கு மேலே வெட்டினால் மிச்சமிருக்கும் தண்டு மூச்சுக்குழாயாக நின்று வேரைக் காப்பாற்றும், மறுபடி தழைத்து வரும். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் குழல் தண்ணீரில் நிறையும், கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே படகு வழியில் மட்டும் தண்ணீருக்கு அடியில் கத்தியை இறக்குங்கள். ஓரங்களில் வெட்ட நேர்ந்தால் மேலேயே நிறுத்துங்கள். வெட்டியதைத் தண்ணீரில் மிதக்கவிடாமல் கரைக்கு இழுத்துத் தள்ளிப் போடுங்கள். உள்ளேயே அழுகினால் அதிலுள்ள பாஸ்பரஸ் மறுபடி ஏரிக்குள்தான் போகும், பாசி பச்சைக் கஞ்சியாகத் திரளும். நீலப்பச்சைப் பாசி நஞ்சு கக்கினால் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, கொதியில் அந்த நஞ்சு அழியாது.

கழிப்பறையைப் பற்றியும் ஒரு சொல். 'தள்ளி' என்று எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு தள்ளி? நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது வேண்டும். குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர் மிக உயர்ந்து நிற்கும் காலத்திலும் அதற்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். மழை ஓய்ந்தவுடன் அளந்து பாருங்கள். ஏரிக்கரையில் இந்த இரண்டாவது நிபந்தனைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது.

கணக்குப்பிள்ளை:

உளி ஐயா சொன்ன 'பொருளுக்கு ஓர் ஆள்' என்பதற்கு அளந்து பார்த்த சான்றே இருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். 1913-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் போடும் விசை, தனியாக இழுக்கும்போது போடுவதில் ஏறக்குறைய பாதிதான். எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பும்போது நடப்பதும் இதுதான்.

ஆனால் அபராதத்தை உளி ஐயா ஒரேயடியாகத் தள்ளுவதை ஏற்கமாட்டேன். பொதுச்சொத்தைத் தாங்களே பராமரிக்கும் குழுக்களை ஆராய்ந்ததற்காக 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம். அவர் எடுத்துக்காட்டிய குழுக்களில் ஒன்று பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் உள்ள பாசனக் குழுக்கள். ஆற்றின் குறுக்கே கிளையும் மண்ணும் கொண்டு அணை கட்டுவார்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள். வேலைக்கு வராதவருக்கு அங்கே அபராதம் உண்டு, அந்தக் குழுக்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்தும் இருக்கின்றன. நீண்டகாலம் நிலைத்த குழுக்களில் அவர் கண்ட பொது இயல்பு, தண்டனை சிறிதாகத் தொடங்கும், தவறு தொடர்ந்தால் படிப்படியாகக் கூடும் என்பது. விதியை வகுப்பவர்களும் கண்காணிப்பவர்களும் அந்த உறுப்பினர்களே. மேலிருந்து செயற்குழு விதித்தால் கசக்கும், உறுப்பினர்கள் கூடித் தாங்களே வைத்துக்கொண்டால் அவ்வளவு கசக்காது. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு வந்தவருக்கு முன்பதிவில் முதல் உரிமை என்று வைத்துப் பாருங்கள்.

கோரைக்காடு:

எல்லாருக்கும் நன்றி. உளி ஐயா, நீங்கள் எழுதிய பராமரிப்பு நாளைப் படித்துவிட்டு எங்கள் செயலாளர் 'இவர் போன முறை வந்திருந்தாரா?' என்று கேட்டார்.

துறையைக் கயிறு கட்டி மூடிவிட்டோம். திருப்புளியால் குத்திப் பார்த்தேன். ஒரு பலகையில் பிடி வரைக்கும் இறங்கியது, ஓசையே இல்லை. மற்றொன்றில் முனை மட்டும் உளுத்திருக்கிறது. பழைய பலகையின் மேலேயே புதுப் பலகையை வைத்து அடித்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்று உறுப்பினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? முன்பதிவில் முதல் உரிமை என்ற யோசனை செயற்குழுவுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வந்திருக்கிறது.

பழைய உளி:

கணக்குப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஒரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். அணைக்கு வராத விவசாயியின் வயல் காய்ந்துபோகும், அவர் குழுவை விட்டு எங்கும் போக முடியாது. முகாம் உறுப்பினருக்கு அபராதம் கசந்தால் அடுத்த ஆண்டு சந்தாவே கட்டமாட்டார். போகவே மனம் வராத அளவுக்கு ஏரியை நேசிப்பவர்தான் மிஞ்சி நின்று அபராதம் கட்டுவார். முன்பதிவு உரிமை நல்ல யோசனை, அதை நான் எதிர்க்கவில்லை. முதியவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சுத்தியல் பிடிப்பது மட்டுமா வேலை? முகாமின் பதிவேட்டை எழுதுவது, உயிர்காப்பு அங்கிகளின் தையலையும் கொக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது, உள்ளிருக்கும் நுரை இறுகிச் சுருங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது, அட்டைகளை எழுதுவது என்று உட்கார்ந்தபடி செய்ய எவ்வளவோ இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்ப்பவர்தான் கிழிந்த தையலைக் கண்டுபிடிப்பார்.

பழைய பலகையின் மேல் புதுப் பலகை கூடவே கூடாது. அடியில் இருக்கும் உளுப்பு மூடப்பட்டு ஈரம் காயாமல் கிடக்கும், புதுப் பலகையும் சீக்கிரமே போகும். அதைவிட ஆபத்து, அந்த இடம் பார்வைக்கு நன்றாகத் தெரியும். பிடி வரை இறங்கிய பலகையைப் பெயர்த்தெடுங்கள். எடுத்தவுடன் புதியதை அடிக்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பலகை இவ்வளவு உளுத்திருக்கிறது என்றால் அது உட்கார்ந்திருந்த சட்டத்தின் முதுகும் நனைந்தே கிடந்திருக்கிறது. சட்டத்தைக் குத்திப் பாருங்கள். மேல்தோல் மட்டும் மெத்தென்றிருந்தால் நல்ல மரம் தெரியும் வரை சீவி எறிந்துவிட்டு, பக்கத்திலேயே புதிய சட்டத்தை ஒட்டி வைத்து இரண்டையும் போல்ட்டு போட்டு முடுக்குங்கள். புதிய சட்டம் பழுதடைந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போட்டதாக இல்லாமல், இரு பக்கமும் தாங்கிகள் வரை போய்ச் சேர வேண்டும். திருப்புளி ஆழமாக இறங்கினால் அந்தச் சட்டத்தையே மாற்றுங்கள். சட்டத்தின் முதுகில் நீர் புகாத பட்டை ஒட்டிவிட்டுப் பலகையை வையுங்கள், அடுத்த முறை இந்த வேலை நெடுநாள் தள்ளிப்போகும்.

முனை மட்டும் உளுத்த பலகையில், அந்த முனை சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியாக இருந்தால் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் மேல் உட்காரும் முனையாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் வாங்கினால் சாதாரண இரும்பு ஆணி அதில் சீக்கிரமே அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். மருந்து பெரும்பாலும் மரத்தின் ஓரத்தில்தான் ஏறியிருக்கும், அறுத்த முகத்தில் உள்மரம் வெறுமையாகத் தெரியும். அறுத்த உடனே அதற்கான மருந்தைத் தூரிகையால் பூசிவிடுங்கள். வெட்டிப்போட்ட துண்டுகளையும் பெயர்த்த பழைய பலகைகளையும் முகாம் நெருப்பில் போட எவரையும் விடாதீர்கள். பழைய மருந்தேற்றிய மரங்களில் ஆர்செனிக் இருக்கக்கூடும், புகையும் சாம்பலும் நஞ்சு. அறுக்கும்போது அடியில் தார்ப்பாய் விரித்தால் தூளும் ஏரிக்குள் விழாது.

அட்டையில் இப்படி எழுதுங்கள்: 'துறை வேலை, நான்கு பேர், அவர்களில் ஒருவருக்காவது நன்றாக நீச்சல் தெரிய வேண்டும், எல்லாரும் உயிர்காப்பு அங்கியோடு. புதுப் பலகை மீது இருவர் சேர்ந்து நின்றாலும் அசையாவிட்டால் முடிந்தது.' மரம் வாங்கும் முன் சட்டத்தின் தடிப்பை அளந்து இங்கே எழுதுங்கள், போல்ட்டின் நீளத்தை நான் சொல்கிறேன்.